கூட்டத் தலைவருக்கு ஓட்டு இல்லை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். வெயில் என்னை ஒன்றும் செய்யாது. மில் கேட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பேசியே கறுத்த உடம்பு இது. திருப்பூர்தானே? நானும் அங்கேதான். சூலூர் தாண்டும்வரை இந்த பஸ் உருண்டுகொண்டுதான் இருக்கும். பேசிக்கொண்டே போகலாம்.

நம் ஸ்டாப்பில்தானே ஏறினீர்கள்? அந்த உயரமான வீடுகளா? எந்தப் பக்கம்? நீச்சல் குளத்துப் பக்கமா. அது எங்கள் மில்லில் பஞ்சைப் பிரித்து அடிக்கிற டிபார்ட்மெண்ட் இருந்த இடம். உள்ளே போகிறவன் வெள்ளையாக வெளியே வருவான். இப்போது நனைந்து வருகிறார்கள். இருக்கட்டும், உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. விற்றவன் விற்றான், நீங்கள் வாங்கினீர்கள். வீட்டுக்காரர்கள் சங்கம் உண்டா? நீங்களே பொருளாளரா? அப்படியானால் என் வழக்கை உங்களிடம் சொல்லலாம். கூட்டம் நடத்திப் பார்த்த மனிதருக்குத்தான் இது புரியும்.

என் பெயர் வேலப்பன். மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சிரிக்காதீர்கள். மில் இல்லை, சங்கம் இருக்கிறது. சங்கத்தைக் கலைக்க வேண்டுமென்றால் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். கூடுவதற்குப் போதிய ஆள் வருவதில்லை. அதனால் அது கலையவும் இல்லை. நானும் செயலாளராகவே இருக்கிறேன். ஆபீசை வாரம் ஒருநாள் நானே திறக்கிறேன், நானே பெருக்குகிறேன், சுவரில் மாட்டியிருக்கிற, இறந்துபோன தோழர்களின் படங்களை நானே துடைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது அஞ்சாவது. மீதியைத் துண்டுப் பிரசுரம் சொல்லிக் கொடுத்தது. உபரி மதிப்பு என்றால் என்ன, போனஸ் என்பது பிச்சையா உரிமையா, எல்லாம் நாலு பக்கத் தாளில் படித்தேன். பிறகு நானே எழுதினேன். நான் எழுதிய நோட்டீசைக் கையில் வாங்கினவனுக்கு இன்னொருவனிடம் சந்தேகம் கேட்க வேண்டிய வேலையே இருக்காது. என்ன கோரிக்கை, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தெரு வழியாக ஊர்வலம், எந்த கேட்டில் கூடுவது, ஒன்று விடாமல் இருக்கும். குழந்தையும் படித்துவிட்டு நேராக அங்கே வந்து நிற்கும். அப்படி எழுத இன்றைக்கு எவனுக்குத் தெரிகிறது?

அப்படிப்பட்ட என் பெயரை ஒரு நாடகம் கெடுத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆதிரை என்று ஒரு பெண். சின்ன வயசு, தலைமுடியைப் பையன் மாதிரி வெட்டியிருந்தாள். நாடகக் குழு வைத்திருக்கிறாள். ஒருநாள் சங்க ஆபீசுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, "ஐயா, உங்க மில் கதைய நாடகமாப் போடப் போறேன்" என்றாள். சந்தோஷம், வேலைநிறுத்தத்தைப் போடு என்றேன். "அது மட்டும் இல்லைங்க ஐயா, நீங்க உங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் செஞ்சதையும் போடணும்" என்றாள்.

அவள் கிழக்கு ஜெர்மனியாக இருந்த பக்கம் போய் நாடகம் படித்தவள். அந்த நாட்டு ஆட்சி போன பிறகு, யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள், யார் யாரைக் கட்சியிலிருந்து தள்ளினார்கள் என்று பேச ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லையாம். கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் பேசினான், டிவியைப் போட்டால் ஜெயித்தவன் பேசினான். கடைசியில் நாடகக் கொட்டகையில்தான் காட்டிக் கொடுத்தவனும் கொடுக்கப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தார்களாம். விளக்கு அணைந்திருந்ததால் அழ முடிந்ததாம். "சோசலிசத்துக்குப் பிந்தைய சமூகங்கள் தங்களோட கடந்த காலத்தோட சமாதானமாகறதுக்கு நாடகம் உதவுச்சுங்க ஐயா" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அம்மா, சோசலிசம் போன நாட்டுக்கு அது சரி. நமக்கு அது வரவே இல்லையே, வராததற்குப் பிந்தி என்ன இருக்கிறது என்று கேட்டேன். நல்ல கேள்வி, இல்லையா? அந்தப் பெண் அசரவில்லை. "மில் காலனியில யாருக்கு வீடு, எந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், எந்தச் சாவுக்குப் போகக்கூடாது, எல்லாம் சங்கம்தான் சொல்லுமாமே. அது ஒரு குட்டி நாடுதானே ஐயா" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆமாம், நடத்தினோம். வட்டிக்காரன் காலனிக்குள் கால் வைக்க முடியாது. பெண்டாட்டியை அடித்தவன் மறுநாள் காலையில் கமிட்டி முன்னால் நிற்பான். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தால் நாய் அசிங்கம் பண்ணுவதை நிறுத்த முடிகிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், வாட்ஸப்பில் நீங்கள் சண்டை போடுவதை உங்கள் வாட்ச்மேன் சொன்னான், அவன் எங்கள் காலனிப் பையன்தான்.

"சென்னியப்பன் விஷயம்தான் போடப் போறேன் ஐயா" என்றாள் பிறகு. அப்போதுதான் எனக்கு அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

சென்னியப்பன் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தான். நல்ல தோழன், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் சங்கத்துக்கு ஒரு தெரு நாடகக் குழு இருந்தது. எழுதுவது நான், நடிப்பது அவன். மில் மேனேஜர் வேஷம் என்றால் அவனை விட்டால் ஆளில்லை. ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு வருவான் பாருங்கள், அசல் மேனேஜர் வந்துவிட்டார் என்று பெண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். கோட்டு பிரமாதம் என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

பெரிய வேலைநிறுத்தம் வந்தது. கோரிக்கை ஊர்வலம் என்று தேதி வைத்தோம். ஊரெல்லாம் என் நோட்டீஸ். அன்றைக்குக் காலையில் கேட்டுக்குப் போனால், எங்களுக்கு முன்னால் போலீஸ் வரிசையாக நிற்கிறது. தடியடி. மயிலாத்தாளுக்குக் கை உடைந்தது. நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை செய்தவள், இன்றைக்கும் அந்த முழங்கையை முழுக்க நீட்ட முடியாது. எங்கள் தலைவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இவ்வளவு துல்லியமாகப் போலீசுக்கு நேரமும் இடமும் எப்படித் தெரிந்தது? எவனோ சொல்லியிருக்கிறான். விசாரித்தோம். அதற்கு முன்தினம் சாயங்காலம் சென்னியப்பன் மேனேஜர் பங்களாவின் பின்வாசல் வழியாக வெளியே வந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

உடனே பொதுக்குழு. தலைவர் ஜெயிலில் இருந்ததால் கூட்டத்துக்குத் தலைமையும் நான், குற்றச்சாட்டைப் படித்ததும் நான். வேறு ஆள் இல்லை. எதற்காகப் போனாய் என்று கேட்டேன். எங்களிடம் ஒரு முறை உண்டு, சுயவிமர்சனம் என்று பெயர். எழுந்து நின்று, தோழர்களே நான் இன்ன தவறு செய்தேன், இன்ன காரணத்தால் செய்தேன் என்று சொல்லிவிட்டால் பாதித் தண்டனை போய்விடும். அதற்கும் வாய்ப்புக் கொடுத்தேன். அவன் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டு நின்றான். அது அவன் பழக்கம், யோசிக்கும்போது பஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புருவத்தைக் கிள்ளுவான். தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டேன். எல்லாக் கையும் மேலே போயிற்று. நீக்கம்.

இதில் ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கை தூக்கவில்லை. கூட்டத் தலைவருக்கு ஓட்டு இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் உண்டு. உங்கள் சங்கத்திலும் அப்படித்தானே? ஆக, சென்னியப்பனுக்கு எதிராக நான் ஒருநாளும் கை தூக்கியதில்லை. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள்.

அப்புறம் காலனியில் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. தண்ணீர்க் குழாயில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவன் மனைவி குடத்தை வைக்க முடியும் என்று ஆயிற்று. அது சங்கம் சொன்னதில்லை. எங்கள் தீர்மானத்தில் குழாய் என்ற சொல்லே கிடையாது. மக்கள் தாங்களாகச் செய்தார்கள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அங்கேயே செத்தான். செத்த அன்று அவன் மகள் சாந்தாமணி என்னிடம் வந்தாள். தோழர் இறந்தால் உடம்பின்மேல் கொடி போர்த்துவது எங்கள் வழக்கம். "ஒரு கொடி மட்டும் குடுங் பெரியப்பா, வேற ஒண்ணும் கேக்கலை" என்றாள். நீக்கப்பட்டவருக்குக் கொடி கிடையாது, அம்மா. அதைத்தான் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

அதே சாந்தாமணியைத்தான் ஆதிரை தேடிப் பிடித்திருந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மறுபடியும் வந்தார்கள். சாந்தாமணிக்குத் தலை நரைத்துவிட்டது. டெய்லர் வேலையில் கண் போய்க் கண்ணாடி. சுவரில் இருந்த படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், கடைசியில் காலி ஆணி ஒன்று இருந்த இடத்தில் நின்றாள்.

"என்ற அப்பன் படத்தை இங்க மாட்டோணுங் பெரியப்பா."

நீக்கத் தீர்மானம் இருக்கும்போது மாட்ட முடியாது, அதை ரத்து செய்யப் பொதுக்குழுவால்தான் முடியும் என்றேன்.

"கூட்டுங்க."

கூப்பிட்டால் வருவதில்லை. பாதிப் பேர் செத்தாயிற்று, மீதிப் பேருக்கு முழங்கால் வலி.

"கூட்டம்னா வரமாட்டாங்க. நாடகம்னா வருவாங்க. பேரன் பேத்தியோட வருவாங்க. அங்க வெச்சு ஓட்டு எடுங்க. செல்லுமா செல்லாதா?"

யோசித்தேன். போதிய உறுப்பினர் மண்டபத்தில் இருந்து, செயலாளர் இருந்து, தீர்மானம் முறையாகப் படிக்கப்பட்டு, முறையாக ஓட்டு எடுக்கப்பட்டால், அது நாடக மண்டபமாக இருந்தால் என்ன, மாட்டுக் கொட்டகையாக இருந்தால் என்ன? செல்லும் என்றேன். விதிப்படி நடந்து உன் அப்பன் பக்கம் வந்தால் நானே என் கையால் படத்தை மாட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பாருங்கள், எவ்வளவு திறந்த மனதோடு இருந்திருக்கிறேன்.

அதற்காகத்தான் நடிக்கவும் ஒப்புக்கொண்டேன். என் வேஷம் நான். சென்னியப்பன் வேஷம் சாந்தாமணி. அவள்தான் அப்படிக் கேட்டாள். ஒத்திகை என் மேற்பார்வையில் நடந்தது என்றே சொல்லலாம். அந்தக் குழுப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று ஒரு எழவும் தெரியவில்லை. ஒருவன் கைத்தட்டி முழக்கம் போடுகிறான். முழக்கத்துக்கு முஷ்டியை உயர்த்த வேண்டும். ஒருத்தி வழிமொழியாமலே தீர்மானத்தைப் பேச ஆரம்பிக்கிறாள். எல்லாவற்றையும் திருத்தினேன். ஆதிரை கடைசியில் "சென்னியப்பனை நீக்கினது தப்புன்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்று எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு தீர்மானம் அன்றைக்கு வரவே இல்லையே, நடந்ததை நடந்தபடி போடு, நீக்குவதை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்பதுதான் வாசகம் என்று மாற்ற வைத்தேன். அவள் சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணி, "பெரியப்பா சொல்றபடியே இருக்கட்டும். கை எந்திரிக்கலைன்னா நீக்கம் ரத்துதானே. அப்பத்தான் நாளைக்குச் செல்லாதுன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள்.

ஒத்திகையில் டீ குடிக்கும்போதுதான் சாந்தாமணி அந்தக் கோட்டு விஷயத்தைச் சொன்னாள். மேனேஜர் பங்களாச் சமையற்காரர் ஒருத்தர் சென்னியப்பனுக்கு வேண்டியவராம். நாடகம் நடக்கும்போதெல்லாம் மேனேஜரின் பழைய கோட்டைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுப்பாராம். அன்றைக்குச் சாயங்காலம் கோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் பின்வாசலுக்குப் போயிருக்கிறான். கூட்டத்தில் சொன்னால் சமையற்காரருக்கு வேலை போகும், ஐந்து பெண் பிள்ளைக்காரர் என்று வாயைக் கட்டிக்கொண்டானாம்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சரி, அப்ப போலீசுக்கு யாருங் சொன்னாங்க?" என்று கேட்டாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. எந்த கேட்டு, எந்த நேரம், எந்தத் தெரு, எல்லாம்தான் உங்க நோட்டீஸ்லயே போட்டிருந்துதாமே?"

நோட்டீஸ் மக்களுக்கு அடித்தது, போலீசுக்கு அடித்ததில்லை என்று சொன்னேன். அந்தக் குழுப் பிள்ளைகள் ஏனோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள். இந்தத் தலைமுறைக்கு எதிலும் கவனம் நிற்பதில்லை. கோட்டு விஷயத்தை நாடகத்தில் சேர்க்கலாமா என்று ஆதிரை கேட்டாள். கூட்டத்தில் பேசப்படாததைச் சேர்க்கக் கூடாது என்றேன். அதற்கும் சாந்தாமணி சரி என்றாள். "கோட்டு வேண்டாம். அவங்களுக்கு அப்பனைத் தெரியும். அது போதும்" என்றாள்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பென்ஷன் கூட்டத்துக்கு வராதவனெல்லாம் வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தான். நான் ரகசியமாக எண்ணிப் பார்த்தேன், போதிய உறுப்பினர் இருந்தார்கள். முன்வரிசையில் மயிலாத்தாள், வெற்றிலையைத் துப்ப ஒரு டப்பாவோடு.

என் நாற்காலி, என் மேஜை, செங்கொடி. எழுந்து குற்றச்சாட்டைப் படித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் குரல் எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது. மைக்கே தேவைப்படவில்லை. சாந்தாமணி எதிரே ஒரு வெள்ளைச் சட்டையோடு நின்றாள். எதற்காக அங்கே போனாய் என்று கேட்டேன். அவள் புருவத்திலிருந்து எதையோ எடுத்தாள். அவள் புருவத்தில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரு வரி விட்டுப்போயிற்று. விளக்கு சரியில்லை. கண்ணில் அடித்தது. மறுபடி பிடித்துக்கொண்டேன்.

நீக்குவதை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லி மேஜையில் தட்டினேன். நான் கூட்டத்தில் எப்போதும் அப்படித்தான் செய்வேன். சொல்லி முடிப்பதும் உள்ளங்கை மேஜையில் விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கைகள் மேலே போய்விட்டன.

எல்லாக் கையும். முன்வரிசை, பின்வரிசை, கதவோரம் நின்றவன், எல்லாரும். கைத்தடியைப் பிடித்திருந்தவன் தடியோடு தூக்கினான். பேரன் பேத்திகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆதிரை சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சாந்தாமணி அசையவில்லை. மயிலாத்தாளின் கோணல் முழங்கையும் மேலே நிற்கிறது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங் செயலாளரே," என்றாள், "நாந் தூக்கலீங். நீங்க தட்டுனீங்க, அது எந்திரிச்சுருச்சு."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொரு கையாகக் கீழே வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மறுக்கா கேளுங்" என்றாள் மயிலாத்தாள். "இந்தத் தடவை தட்டாமக் கேளுங்."

ஓட்டு எடுத்தாகிவிட்டது, தீர்மானம் நிறைவேறிவிட்டது, நிறைவேறிய தீர்மானத்தை அதே கூட்டத்தில் மறுபடி எடுக்க விதியில்லை என்று சொன்னேன். உங்களைத்தான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள், இதில் என்ன தவறு? கத்தினார்கள். கோன் மெஷினில் வேலை பார்த்த தங்கவேலு, நான் சங்கத்தில் சேர்த்துவிட்ட ஆள், "யோவ், இது நாடகம்யா" என்று கத்துகிறான். நாடகம் என்றால் எதற்கப்பா உனக்கு மறு ஓட்டு என்று கேட்டேன். ஆதிரை மேடைக்கு ஓடிவந்து, "ஐயா, ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்" என்று காதில் சொன்னாள். ஒருமுறை வளைந்த விதி பிறகு விதியா?

சாந்தாமணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். நாடகத்தில் அவளுக்கு வசனமே கிடையாது. "பெரியப்பா, நீங்க மட்டும் தூக்கலை. உங்க கை என்ன சொல்லுது?" என்றாள்.

தலைமை தாங்குகிறவருக்கு ஓட்டு இல்லை, அம்மா.

"தெரியும். கேக்கறேன்."

மண்டபமே என் கையைப் பார்த்தது. அது மேஜைமேல் இருந்தது. நான் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தை முடிக்க வேண்டும், அதுதான் தலைவரின் வேலை. எழுந்து முஷ்டியை உயர்த்தித் தொழிலாளர் ஒற்றுமை என்று குரல் கொடுத்தேன். ஓங்குக என்று திரும்பி வர வேண்டும். நான் குரல் கொடுத்து அது திரும்பி வராத நாளே இல்லை. மழையில் வந்திருக்கிறது, போலீஸ் வேனுக்குள் வந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் கொடுத்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

கூட்டம் கலையும்போது மயிலாத்தாள் மேடையோரம் வந்தாள். "இந்தக் கூட்டத்துல எடுக்கக் கூடாது, சரி. அடுத்த கூட்டத்துல எடுக்கலாமில்லீங்?"

எடுக்கலாம் என்றேன். விதி அப்படித்தான் இருக்கிறது.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் ஆதிரை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆப்பிளோடு ஒருவர் வந்தால் நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் இரண்டாவது காட்சியாம். என் வேஷத்துக்கு ஒரு நடிகரை ஏற்பாடு செய்திருக்கிறாளாம். "உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் ஐயா, ஓய்வெடுங்க." நான் ஓய்வு கேட்டேனா? என்னைவிட வேலப்பனாக நடிக்க எவனால் முடியும் என்று கேட்டேன். "அதுதாங்க ஐயா கஷ்டம்" என்றாள். இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் நாடகம் போடுகிறவர்களுக்கு உண்மை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் தாங்காது போலிருக்கிறது.

இன்றைக்குத்தான் அந்தக் காட்சி. காலையிலேயே காலனி வாசலில் வேன் வந்து நின்றது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். மயிலாத்தாளை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகிறார்களாம். நான் சொன்ன விதியை வைத்தே. வேன் என் வீட்டைத் தாண்டித்தான் போனது. நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில்தான் நின்றேன். தங்கவேலு ஜன்னல் வழியாகப் பார்த்தான். நிறுத்தவில்லை.

அதனால்தான் இந்த பஸ். கெடுக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். செயலாளர் இல்லாமல் பொதுக்குழு நடந்தால் அது செல்லாது. அவர்கள் பாட்டுக்கு ஓட்டுப் போட்டு, ஜெயித்தோம் என்று படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன சொல்வது? மறுபடியும் மாட்ட முடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். ஒரே ஆளிடம் எத்தனை தடவை அதைச் சொல்வது? அதனால் போகிறேன். போய்ப் பின்வரிசையில் உட்காரப் போகிறேன். அவ்வளவுதான். நான் உள்ளே இருந்தால் போதும், செல்லும்.

பல்லடம் தாண்டிவிட்டோமா? பேச்சில் தெரியவே இல்லை.

என்ன கேட்டீர்கள்? இந்த ஹாரனில் ஒன்றும் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அந்த நடிகர் தலைமை தாங்கினால், பின்வரிசையில் இருக்கிற நான் யார் என்றா?

நீங்கள் பொருளாளராக இருக்க வேண்டியவர் இல்லை, வக்கீலாகியிருக்க வேண்டும்.

உறுப்பினர். ஆமாம், வேறென்ன. தலைமை தாங்காதபோது செயலாளரும் உறுப்பினர்தான். உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. என்ன செய்வது, நான் ஒரு கூட்டத்திலும் கீழே உட்கார்ந்ததில்லை.

எந்தப் பக்கம் தூக்குவேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் அதை வெளியில் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்வீர்களா?

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது, முதலில் நீங்கள் இறங்குங்கள். எனக்குப் படியில் கொஞ்சம் நேரமாகும். முடிந்தால் ஒரு ஆட்டோ மட்டும் நிறுத்திக் கொடுங்கள். வயசானவர், மெதுவாகக் கூட்டிப் போ என்று டிரைவரிடம் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். வேகமாகவே போகச் சொல்லுங்கள். தீர்மானம் படித்து முடித்த பிறகு உள்ளே வந்தவனுக்கு ஓட்டு கிடையாது.